வெப்பமானிக்குத் தண்ணீர்

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முதல் வெயிலை அளக்கும் உத்தியோகம் எனக்கு. ஏற்கெனவே கொப்பரைக் களத்தில் ரைட்டர் வேலை பார்க்கிறேன். எத்தனை லாரி தேங்காய் வந்தது, எத்தனை மூட்டை கொப்பரை போனது என்று எழுதுகிறவனுக்கு இந்தப் பக்கத்தில் ரைட்டர் என்று பெயர். முப்பத்திரண்டு ஆண்டு கிளை நூலகராக இருந்து, மற்றவர்கள் எழுதியதையெல்லாம் தூசி தட்டி அடுக்கியவன் ஓய்வுக்குப் பிறகு தானே ரைட்டர் ஆவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

களம் தெய்வசிகாமணியுடையது. என் பள்ளித் தோழன். ஐந்து வருடம் ஒரே பெஞ்சு. காங்கயத்துக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரே ஒரு புளியமரம். இருபத்தாறு பெண்கள் தேங்காயை உடைத்து, பரப்பி, திருப்பிப் போட்டுக் காயவைக்கிறார்கள். உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் திருப்புவது காலையில் மூன்று மணி நேரம் திருப்புவதற்குச் சமம் என்று சிகாமணி சொல்வான்.

போன மே மாதம் ராமாத்தாள் என்ற பெண் அந்தத் தரையில் விழுந்தாள். மூன்றாம் நாள் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பதினோரு மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்தார், இளநீர் குடித்தார், ஒப்பந்தம் போடச் சொன்னார். பகல் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்கு வெப்பமானி பார்க்க வேண்டும். நாற்பது டிகிரி காட்டினால் மணி அடிக்க வேண்டும். அடித்தால் மூன்று மணி நேரம் எல்லோரும் நிழலில் இருக்கலாம், கூலியில் பிடித்தம் இல்லை. பார்த்து எழுதுகிறவன் இரு தரப்புக்கும் பொதுவான ஆளாக இருக்க வேண்டும். இரு தரப்பும் என்னையே சொன்னார்கள். நான் பெருமைப்பட்டதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தை எழுதியதும் நான்தான். ஐந்தாவது விதி நன்றாக அமைந்துவிட்டது: ‘வெப்பமானியின் அளவே அளவு, வேறெந்த அளவும் செல்லாது.’ சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். எடுப்பதற்கும் சேர்ப்பதற்கும் அதில் ஒரு எழுத்து இல்லை.

அந்த விதி எதற்கு என்பதையும் எழுதிவைக்கிறேன். கொப்பரை சாப்பிடும் பொருள் என்பதால் களத்தில் யாரும் செருப்பு போடுவதில்லை. பெண்களுக்குத் தலைவி போல இருக்கும் வேலாத்தாள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பதினொரு மணிக்குக் களத்தின் நடுவில் வெறுங்காலோடு நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்து வரை நிற்க முடிந்தால் வேலை. ஐந்துக்குள் காலைத் தூக்கினால் எல்லோரும் புளியடிக்குப் போய்விடுவார்கள். ராமாத்தாள் விழுந்த அன்று நான்குதான் வந்தது. ஆனால் லாரி காத்துக்கொண்டிருந்தது. காலெண்ணிக்கைக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று சிகாமணி சொன்னான். நான் லாரி நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன்.

“காலு ஆளுக்கு ஆள் மாறும். பாதரசம் மாறாது” என்றான் சிகாமணி இன்று. வேலாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

வெப்பமானி வந்தது. மூடிப்போன ஏதோ பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கினானாம். வெள்ளைச் சாயம் அடித்த மரப்பெட்டி, பக்கங்களில் சாய்வுப் பலகைகள். புளியமரத்துக்குக் கீழே கம்பம் நட்டுப் பொருத்தினார்கள். உள்ளே ஒரு பலகை, அதில் வெப்பமானி. அதன் குமிழில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. துணியின் வால் கீழே ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் முங்கியிருக்கிறது. பக்கத்தில் அதே நீளத்துக்கு ஓர் இடம் மட்டும் சாயம் மங்காமல் இருக்கிறது. மேலும் கீழும் திருகாணி ஓட்டை. இன்னொன்று இருந்து உடைந்துவிட்டதாகச் சிகாமணி சொன்னான்.

துணி எதற்கு என்று கேட்டேன்.

“கண்ணாடி இந்த வெய்யலுக்கு வெடிச்சுரும்டா மாப்ள. நாம தலைக்குத் துண்டு போட்டுக்கறமல்ல, அது மாதிரி. பாட்டில்ல தண்ணி மட்டும் வத்தாமப் பாத்துக்க.”

நல்ல உவமைக்கு நான் எப்போதும் மடங்கிவிடுவேன். தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு 36. ஒரு மணிக்கு 37. இரண்டு மணிக்கு 37. மணி அடிக்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உடம்பு மிகைப்படுத்தும். அதனால்தான் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

வேலாத்தாள் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் தெரியும். “ஏனுங் ரைட்டரே, இந்தப் பொட்டிக்குள்ள மட்டும் ஊட்டிங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் களத்துக்குப் போனார்கள், நான் அறைக்குப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கோயிலில் பஞ்சாங்கம் படித்தார்கள். இந்த வருடம் வெயில் மிதமாக இருக்குமாம். என் நோட்டும் அதைத்தான் சொல்கிறது. இரண்டையும் எழுதுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்திருப்பது ஒரு பொருத்தம்.

ஏப்ரல் 17, வியாழன்

மறதியால் ஒரு பிழை செய்தேன். காலையில் இரண்டு லாரி ஒன்றாக வந்ததில் பாட்டிலுக்குத் தண்ணீர் ஊற்ற விட்டுப்போயிற்று. ஒரு மணிக்குப் பார்த்தால் 42. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 42. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மரத்தில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்தேன்.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு இருபத்தாறு பேரும் புளியடிக்கு வந்து, சேலைத் தலைப்பை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. பேசாத இருபத்தாறு பெண்களை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வேலாத்தாள் தன் தூக்குப்போசியிலிருந்து எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்தாள். “உங்குளுக்குப் புண்ணியமுங்க” என்றாள்.

கால் மணி நேரத்தில் சிகாமணி காரில் வந்தான். கோபப்படவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை, பெண்களையும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியைத் திறந்து பாட்டிலைப் பார்த்தான்.

“காஞ்சு கெடக்குது பாரு. தண்ணி இல்லீன்னா கருவி தப்பாக் காட்டும்.”

மன்னிப்புக் கேட்டேன். தோளில் தட்டினான். சாயங்காலம் என் அறைக்கு ஒரு ஏர் கூலர் வந்து இறங்கியது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒருமுறை.

ஏப்ரல் 19, சனி

சின்னப் பாட்டிலுக்குப் பதிலாகச் சிகாமணி பெரிய ஊறுகாய் பாட்டில் கொண்டுவந்து வைத்தான். துணியும் புதிது, கனமானது. காலை எட்டுக்கும் பகல் பதினொன்றரைக்கும் நிரப்பச் சொல்லியிருக்கிறான்.

வெள்ளக்கோவில் சாலையில் தார் இளகி, டவுன் பஸ் போகும்போது டயர் பிய்ந்து பிய்ந்து சத்தம் கேட்டது. அறையிலிருந்து பெட்டிக்கு நடக்கும் நாற்பதடியில் மூக்குக் கண்ணாடிக் கம்பி காதைச் சுட்டது. கிணற்றடிக் குழாயில் வந்த தண்ணீரில் டீத்தூள் போட்டிருக்கலாம்.

அளவு: 34.

முன்பைவிடக் குறைந்திருக்கிறது. நல்ல கருவி, பராமரித்தால் நன்றாகத்தான் உழைக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

என் மனைவி சுலோசனா மொட்டைமாடியில் வடகம் பிழிந்து காயவைத்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு எடுத்து வந்து ஒன்றை என் முன்னால் ஒடித்துக் காட்டினாள். அப்பளம் போல் சத்தம் கேட்டது.

“நேத்து எத்தனைன்னு சொன்னீங்க?”

“முப்பத்திநாலு.”

“முப்பத்திநாலுக்கு ரெண்டு நாள் ஆகோணுங்க, உள்ள ஈரம் நிக்கும். இது ஒரே நாளு. எதுக்கும் உங்க பொட்டியக் கொஞ்சம் விசாரிங்க.”

வடகம் ஒரு அளவு ஆகாது என்று ஐந்தாவது விதியைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே டப்பாவை மூடினாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூன்று மணிக்குத் திடீரென்று மேற்கே கறுத்தது. ஐந்து நிமிடத்தில் காற்று, அதன் பின்னால் ஆலங்கட்டி. சித்திரையில் ஆலங்கட்டியை நான் பார்த்தது இதுவே முதல் தடவை. நெல்லிக்காய் அளவு. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் போனில் சிகாமணி என்ன கத்தினான் என்பதே கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, தார்ப்பாய் என்றுதான் கத்தியிருப்பான்.

பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான்கு ஏக்கரையும் இருபது நிமிடத்தில் மூடிவிட்டார்கள். மூடிய பிறகு அவர்களுக்கு ஒதுங்க இடமில்லை, மரத்தடியில் இடி பயம். அதனால் மழையிலேயே நின்றார்கள். வேலாத்தாளும் அவள் அக்கா மகள் சாந்தாமணியும் ஆலங்கட்டியைப் பொறுக்கி ஒருவர் முதுகில் ஒருவர் போட்டு விளையாடினார்கள். வேலாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு ஏதோ பாட்டு ஞாபகம் வந்தது. எழுதிவைக்கும் அளவுக்கு முழுதாக வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மழை குளிர்ச்சியைக் கொண்டுவரும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். காலை ஒன்பது மணிக்கே களம் ஆவி விட்டது. இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்தது போல் இருந்தது. கீழடுக்குக் கொப்பரையில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் விடாமல் திருப்ப வேண்டும் என்று சிகாமணி உத்தரவு போட்டான். பாட்டிலை மூன்று தடவை நிரப்பச் சொன்னான்.

அளவு: 35.

ஏப்ரல் 26, சனி

குடோனுக்குள் பூஞ்சணம் பிடித்த மூட்டைகளை எண்ணப் போனேன். களத்தைப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே, நிழலில், ஆணியில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. நம் பெட்டியில் சாயம் மங்காமல் இருக்கும் இடத்தின் அதே நீளம். மேலும் கீழும் திருகாணி ஓட்டை. துணி இல்லை, பாட்டில் இல்லை. பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதிவாரியாக எண்கள், சிகாமணியின் கையெழுத்தில். கொப்பரை எத்தனை நாளில் காயும் என்று கணிக்க வைத்திருக்கிறான். 19ஆம் தேதிக்கு நேராக 43 என்று எழுதியிருந்தது. இன்றைக்கு இன்னும் எழுதவில்லை. பாதரசம் 43க்கும் 44க்கும் நடுவில் நின்றது.

கொப்பரைக்கு வேறு வகைக் கருவி போலும்.

மூட்டைகளை இரண்டு தடவை எண்ண வேண்டியிருந்தது. எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

அரை நாள் லீவு போட்டு என் பழைய நூலகத்துக்குப் போனேன். வானிலை பற்றிய புத்தகங்கள் அறிவியல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எடுக்கக் குனிய வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டில் யாரும் குனியவில்லை, அடுக்கியவன் உட்பட. தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை.

ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு படம். சாய்வுப் பலகைப் பெட்டி, உள்ளே பலகை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெப்பமானிக் கண்ணாடிகள். ஒன்று வெறுமனே. மற்றொன்றின் குமிழில் ஈரத்துணி, துணியின் வால் தண்ணீரில். படத்துக்குக் கீழே நான்கு வரி விளக்கம். எளிய தமிழ். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

புத்தகம் 1978இல் அச்சானது. கருத்துகள் மாறியிருக்கக்கூடும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எட்டு மணிக்குப் பாட்டிலை நிரப்பினேன். பழக்கம்.

34.

ஏப்ரல் 30, புதன்

இன்று சிகாமணியிடம் பேசிவிடுவது என்று இருந்தேன். அவனே இரண்டு செவ்விளநீரோடு அறைக்கு வந்தான். கூலர் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டான். பேச்சு எப்படியோ ஒன்பதாம் வகுப்புக்குப் போயிற்று. தலைமையாசிரியர் மேஜையில் நான் மை பாட்டிலைக் கொட்டியதும், தான்தான் கொட்டியதாகச் சொல்லி அவன் பன்னிரண்டு அடி வாங்கியதும். அவன் அதை வருடத்துக்கு ஒரு தடவை சொல்வான். ஒவ்வொரு தடவையும் நான் நன்றி சொல்வேன். இன்றும் சொன்னேன்.

இளநீர் இனிப்பாக இருந்தது.

அவன் போன பிறகு வேலாத்தாள் வாசலில் வந்து நின்றாள். இந்த நாலைந்து நாளாகத் தலை சுற்றுகிறதாம், மூத்திரம் சிவப்பாகப் போகிறதாம். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவளாகவே சொன்னாள். நாளைக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பதினொரு மணிக்குப் பழைய மாதிரி கால் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“அது செல்லாதுன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கறீங்க” என்றாள்.

மே 1, வியாழன்

உழைப்பாளர் தினம். பூஞ்சணம் காரணமாக விடுமுறை இல்லை. ஆளுக்கு இரண்டு லட்டு. 35.

மே 2, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு 35 என்று எழுதிவிட்டு நோட்டை மூடினேன். பன்னிரண்டு நாற்பதுக்குக் களத்திலிருந்து கூச்சல். ஓடினேன். புளியமரத்துப் பக்கத்து ஓரத்தில் வேலாத்தாள் கொப்பரை மேல் குப்புறக் கிடந்தாள். தோல் உலர்ந்திருந்தது, வியர்வை இல்லை. தொட்ட கையை இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. ‘லாரி’, ‘லாரி’ என்று ஏதோ முனகினாள்.

சாந்தாமணி என்னிடம் தண்ணீர் கேட்டாள். கையெட்டும் தூரத்தில் ஊறுகாய் பாட்டில்தான் இருந்தது. பெட்டியிலிருந்து அதைப் பிடுங்கி வேலாத்தாள் தலையில் ஊற்றினேன். இந்த ஒரு மாதத்தில் அந்தத் தண்ணீர் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

தேங்காய் வண்டியில் ஏற்றிக் காங்கயம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வண்டியில் ஏறவில்லை. இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

சிகாமணி வந்ததும் முதலில் கேட்டது: “நோட்டுல எத்தனை எழுதியிருக்கற?”

சொன்னேன்.

“அப்பொ செரி” என்றான்.

மே 3, சனி

சிகாமணியின் வீட்டுக்கே போனேன். ஹாலில் ஏசி ஓடியது. ஐம்பத்தொன்றாம் பக்கத்தைக் கையால் நகலெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஈரத்துணி கட்டிய கண்ணாடி, ஈரம் ஆவியாகும்போது குளிர்ந்துபோய், காற்றின் சூட்டை எப்போதும் குறைத்தே காட்டும்; காற்றின் சூட்டை அறிய வெறும் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். உண்மையான கண்ணாடி குடோன் ஜன்னலில் கொப்பரைக்காகத் தொங்குகிறது. பொய்யான கண்ணாடி மரத்தடியில் பெண்களுக்காக. இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஐந்தாறு நல்ல வாக்கியங்கள் தயாராக இருந்தன. பாதியில் அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இதை எதுக்குடா இப்ப எங்கிட்ட படிச்சுக் காட்டற? உனக்குத் தெரியாதாக்கும்?”

தெரியாது என்றேன்.

அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம். ஐம்பது வருடப் பழக்கம்; அவன் நடிப்பது எனக்குத் தெரியும். இது நடிப்பு இல்லை.

“ஊருல இருக்கற பொஸ்தகமெல்லாம் படிச்சவன் நீ. மொத நாளே கண்டுபிடிச்சிருப்பே, எனக்காகத்தான் கமுக்கமா இருக்கறேன்னு நெனச்சேன். ராத்திரி என்ற சம்சாரத்துகிட்டக்கூடச் சொன்னேன், சபாபதி மாதிரி ஒரு சிநேகிதன் ஆருக்கும் கெடைக்க மாட்டான்னு.”

உட்கார்ந்தேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளும் என்னை ஒரு நல்ல சிநேகிதனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

அதிகாரியிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

“சொல்லு. பொட்டி என்னுது. ஒப்பந்தம் எழுதினது ஆரு? நோட்டுல எழுதினது ஆரு? தெனமும் தண்ணி ஊத்துனது ஆரு?” கோபமே இல்லாமல், கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலக் கேட்டான். “மை பாட்டிலுக்கு நான் அடி வாங்கினேன் மாப்ள. இந்தப் பாட்டில் உன்னோடது.”

நான் ஏமாற்றப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுப் படி ஏறினேன். இறங்கும்போது அதற்கான தேதிகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 28 வரைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நான்கு நாள் இருக்கிறது. அந்த நான்கு நாளைக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அகராதி வீட்டில்தான் இருக்கிறது, எடுக்கவில்லை.

காபியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்றுதான் ஆரம்பம் என்று காலண்டர் சொல்கிறது. காலண்டருக்கு என் அனுதாபங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுலோசனாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பெண்கள் வார்டில் மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. வேலாத்தாளுக்கு நினைவு திரும்பிவிட்டது. உயிருக்குப் பயமில்லை. சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கோயமுத்தூருக்குப் போனால்தான் தெரியும் என்றார்கள். இனிமேல் வெயிலில் வேலை செய்யக் கூடாதாம். அவளுக்கு வெயிலில் இல்லாத வேலை எதுவும் தெரியாது.

கையில் டிரிப்ஸ் ஊசி. என்னைப் பார்த்து எழுந்து உட்காரப் பார்த்தாள், படுக்கச் சொன்னேன். சாந்தாமணி எழுந்து ஸ்டூலை எனக்குக் கொடுத்தாள். நான் நின்றுகொண்டேன்.

“இன்னைக்கு எத்தனைங்க?” என்று வேலாத்தாள் கேட்டாள்.

மத்தியானம் குடோன் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். “நாப்பத்திமூணு.”

ஊசி இல்லாத கையில் விரலை மடக்கி நாள் எண்ணினாள்.

“அப்ப அன்னைக்குங்?”

அன்றைக்கும் அதேதான் என்றேன். துணியைப் பற்றிச் சொன்னேன், தண்ணீரைப் பற்றியும். எனக்கு அது தெரியவந்த தேதியையும் சொன்னேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. அதுபாட்டுக்கு வந்த வார்த்தைகளில் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டுவதில் பேர்போனவள்.

“காலு சுட்டுதுங்க. ஒவ்வொரு நாளும் சுட்டுது. ஆனா நீங்க முப்பத்தஞ்சுன்னு எழுதறீங்க, நீங்க படிச்சவங்க. என்ற ஒடம்புதான் பொய் சொல்லுதாட்டிருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 5, திங்கள்

காலையில் பெட்டியைத் திறந்தேன். ஊறுகாய் பாட்டில் பழையபடி நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் நிரப்பவில்லை. இந்த வேலைக்கு என்னைத் தவிரவும் ஆள் கிடைக்கும் என்பது தெரிந்தது. தண்ணீரைப் புளியமரத்துக்கு ஊற்றிவிட்டுத் துணியை அவிழ்த்தேன். குடோன் ஜன்னல் வெப்பமானியைக் கழற்றி வந்து அதன் பழைய இடத்தில் திருகினேன். ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின.

அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் நான் நன்றாக ஏமாற்றப்பட்டிருந்தேன். படிப்பவருக்குக் கண்ணீர் வரும்படி இருந்தது. நான்காவது இப்படித் தொடங்கியது: ‘வெப்பமானிக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். ஏப்ரல் 28ஆம் தேதியிலிருந்து தெரிந்தே ஊற்றினேன்.’ நோட்டையும் ஐம்பத்தொன்றாம் பக்க நகலையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். தபாலாபீசிலிருந்து திரும்பி, குடோன் சுவரில் இருந்த பென்சில் எண்களைப் படம் எடுக்கப் போனபோது அங்கே புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

இனி என் நோட்டு மட்டும்தான் சாட்சி. அது முழுக்க என் கையெழுத்து.

மே 6, செவ்வாய்

வேலையிலிருந்து இன்னும் நிறுத்தவில்லை. அதிகாரி வரும்வரை நான் இங்கே இருப்பதுதான் சிகாமணிக்கு நல்லது.

பதினொரு மணிக்கே பார்த்தேன். வெறும் கண்ணாடியில் 41. ஒப்பந்தப்படி பன்னிரண்டுக்குத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதியவன் என்ற உரிமையில் மீறினேன். தண்டவாளத் துண்டை அடித்தேன். இந்த வருடத்தின் இரண்டாவது மணி. பலமாகவே அடித்தேன்.

ஒருவரும் திரும்பவில்லை.

அவர்கள் வேலையும் செய்யவில்லை. களத்தின் ஓரத்தில் இருபத்தைந்து பேரும் கூடி நின்றார்கள். நடுவில் சாந்தாமணி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிமெண்டில் வெறுங்காலோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கில் காலைத் தூக்கினாள். எல்லோரும் புளியடியைப் பார்த்து நடந்தார்கள். என் மணியைத் தாண்டித்தான் போனார்கள்.

நாற்பத்தொன்று என்று சொன்னேன். துணி இல்லை, நீங்களே வந்து பார்க்கலாம் என்றேன்.

சாந்தாமணி மட்டும் நின்றாள். “இருக்கட்டுங்க. உங்க பொட்டிய நீங்க பாருங்க. எங்க காலை நாங்க கேட்டுக்கறம்.”

அவள் போகாமல் என் செருப்பைப் பார்த்தாள். மூன்று வருடமாக இந்தக் களத்தில் செருப்போடு நடந்த ஆள் முதலாளிக்கு அடுத்து நான் ஒருவன்தான். களத்துக்குள் போகும் வேலை எனக்கு இல்லை என்பதால் ஓரமாகவே நடந்திருக்கிறேன்.

கழற்றினேன். களத்துக்குள் போய் நின்றேன்.

அவள் எண்ணத் தொடங்கினாள். சத்தமாக, நிதானமாக, புளியடி வரை கேட்கும்படி. ஒன்றுக்கு அப்புறம் இரண்டைச் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரம் நியாயமானதுதான். மூன்றில் பல்லைக் கடித்தேன். நான்கைச் சொல்லும் முன் குதித்து வெளியே வந்துவிட்டேன்.

“மூணு” என்றாள் சாந்தாமணி, புளியடியைப் பார்த்து. அங்கே யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி நடந்தாள்.

புது நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன். அளவு என்ற கட்டத்தில் எழுதினேன்: மூன்று.